ஆற்றங்கரைச் சமையலறைக்கு ஒரு நன்றியுரை

ஆபிரிக்க மேடையொன்றில் நான் நிதானம் இழந்து பேசினேன் என்றும், விருந்துக்கு அழைத்தவர்களை அவமதித்தேன் என்றும் பதுளைக் கடைவீதியில் ஒரு கதை உலவுகிறது. தபாற்கந்தோர் வரிசையில் நின்றபோது என் முதுகுக்குப் பின்னாலேயே அதைக் கேட்டேன். கல்லூரியொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கூட்டத்திலும் நேரம் கடந்தோ தரம் தாழ்ந்தோ பேசியவனல்லன். ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன். வாசிப்பவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நகரின் பெயரை எழுதப் போவதில்லை. கிழக்கு ஆபிரிக்காவில், வேகமாக வளர்ந்துவரும் ஒரு மேட்டுநில நகரம் என்பது போதும். அங்கே என்னை மரியாதையோடு நடத்திய சிலர் இன்னமும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு தலையிடி வரக்கூடாது.

எங்கள் சங்கம் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மலசலகூடமும் குடிநீரும் கேட்டு மனு எழுதும் சங்கம். உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட எனக்கு, தொண்ணூறுகளில் அதன் தலைமைப் பொறுப்பு வந்து சேர்ந்தது. மனு எழுதத் தக்க ஆங்கிலம் என்னிடம் இருந்ததே காரணம். மனித கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் முறையை எங்கள் தோட்டங்களுக்கும் கொண்டுவரலாம் என்று உதவி நிறுவனமொன்று யோசித்தது. அந்த முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்த அந்நகரத்தில் கூடிய பசுமை அபிவிருத்தி மாநாட்டுக்கு எங்களில் இருவரை அழைத்தது. ஒருவர் நான். மற்றவர் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாதர் சங்கத் தலைவி மகேஸ்வரி. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை. லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்பவர். வாய்க்குப் பூட்டில்லாதவர். எங்களை அழைத்துப் போகக் கொழும்பிலிருந்து ஓர் இணைப்பாளர் வந்தார். அவர் என் பழைய மாணவர்.

விமான நிலையம் போய்ச் சேரும்வரை இடத்துக்கிடம் சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டை காட்டிய கதையை எழுதினால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை காலை இறங்கினோம். வெளியே வந்ததும் மகேஸ்வரி நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "என்னங்க சேர் இது, சுத்திச் சுத்திப் பண்டாரவளைக்கே வந்துட்டமா?" காற்று அப்படித்தான் இருந்தது. அதே குளிர், அதே செம்மண், சாலையோரம் அதே யூக்கலிப்டஸ் மரங்கள். வேறுபாடு விளக்குக் கம்பங்களில் இருந்தது. நகரத்துக்குள் போகும் வழி முழுவதும் ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு. பிரமாதம் என்றேன். எங்கள் தோட்டங்களில் இன்னமும் குப்பி விளக்கின் கரி படிந்த சுவர்களோடு காம்பராக்கள் இருக்கின்றன. ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழும்பும் ஒற்றை அறைக்கு லயத்தில் அதுதான் பெயர்.

விடுதியில் குளியலறைக்குள் ஓர் அறிவித்தல். பூமியைக் காப்பாற்ற விரும்பினால் துவாயை மீண்டும் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருந்தது. நான் வீட்டிலும் ஒரே துவாயைத்தான் பயன்படுத்துகிறேன். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தேநீர் என்று ஒரு கோப்பை வெந்நீரும் நூல் கட்டிய சிறு பையும் தந்தார்கள். உலகச் சந்தையில் எங்களோடு போட்டியிடும் தேயிலை. ஊவாத் தேயிலையின் வாசனை அறிந்த நாக்குக்கு அது நிறமுள்ள வெந்நீர். அதை நான் சொன்னபோது மகேஸ்வரி இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். "நல்லாத்தாங்க சேர் இருக்கு. நல்ல தூளு நீங்க குடிக்கிறது. பறிக்கிற நமக்குத் தோட்டத்துல தர்ற தூளு இத விட மட்டம்." 

மறுநாள் மாநாடு தொடங்கியது. கழுத்தில் தொங்கவிடும் பெயர் அட்டையே மூங்கிலால் ஆனது. குப்பையிலிருந்து அடுப்பெரிக்கும் கட்டி செய்வது, மழைநீரைக் கூரையிலேயே பிடிப்பது, பஸ்களுக்குத் தனிப் பாதை விடுவது என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். கேலி செய்ய மாட்டேன். பெரும்பாலானவை நல்ல யோசனைகள். எங்கள் மாகாணத்தில் தொண்ணூறுகளில், மனு மேல் மனு எழுதியதன் பயனாக, ஒரு தோட்டத்தில் மலசலகூட வரிசையொன்று கட்டித் தந்தார்கள். தண்ணீர்க் குழாய் போட மறந்துவிட்டார்கள். இன்று அதற்குள் விறகு அடுக்கியிருக்கிறார்கள். அதைக் கண்ட கண்ணுக்கு அங்கே கண்டவையெல்லாம் வியப்பாகவே இருந்தன.

நகரத்தின் பசுமைத் திட்டப் பணிப்பாளர் உயரமான, மென்மையாகப் பேசும் மனிதர். நகரின் குறுக்கே ஓடும் ஆற்றைத் திரையில் காட்டினார். இரு கரைகளிலும் பூங்கா, நடைபாதை, மரங்கள். எல்லாம் இளம்பச்சை நிறத்தில்.

"சேர், வீடுங்க எங்க?" என்றார் மகேஸ்வரி என் காதோடு.

"பிள்ளை, வரைபடத்திலை எல்லாத்தையும் கீற மாட்டினம்."

"நம்ம தோட்டத்துப் படத்துலயும் மலையக் கீறுவாங்க, பேக்டரியக் கீறுவாங்க, தொரை பங்களாவக் கீறுவாங்க. லயத்தக் கீற மாட்டாங்க."

கேள்வி நேரத்தில் எழுந்து, கரையோரத்தில் இப்போது வசிப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். உரிய ஏற்பாடு உண்டு என்றார். உரிய என்ற சொல்லை எங்கள் மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். அமர்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியால் ஒரு விளைவு உண்டாயிற்று. நிறைவு நாளில் நன்றியுரை சொல்வதாயிருந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் வயிற்றுக் கோளாறால் படுத்துவிட்டார். ஏற்பாட்டாளர்கள் என் ஆங்கிலத்தைக் கவனித்திருந்தார்கள். தாங்கள் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன்.

வெளியூரார் நன்றியுரையை ஏதோ கடைசியில் ஒட்டும் வால் என்று நினைப்பார்கள். எங்கள் கல்லூரி மரபில் அது அப்படியல்ல. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் எது வேண்டுமானாலும் பேசலாம். நன்றியுரை சொல்பவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒருவரையும் விட்டுவிடக்கூடாது. வரிசை பிசகக்கூடாது. புதிய விடயம் எதையும் புகுத்தக்கூடாது. கிடைத்ததற்கு மட்டுமே நன்றி சொல்ல வேண்டும், கிடைக்க வேண்டியதைக் கேட்கக்கூடாது. மேசை நாற்காலி தூக்கியவர், தேநீர் ஊற்றியவர் வரை பெயர் சொல்லி முடிக்க வேண்டும். பதுளையில் எத்தனையோ பெரிய மனிதர்கள் அதில் சறுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமை திட்டங்களை நேரில் பார்க்க அழைத்துப் போனார்கள். எங்களுக்குத் தரப்பட்ட சிறு பஸ் காட்டாமணக்கு எண்ணெயில் ஓடுவது. பக்கவாட்டில் பெரிய பச்சை இலையொன்று வரைந்திருந்தது. சாரதி கமாவு, ஐம்பதைத் தாண்டியவர், நல்ல ஆங்கிலம் பேசுவார். ஏற்றமொன்றின் நடுவில் வண்டி இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. கோயில் விளக்கு அணைந்ததுபோல் ஒரு வாசனை. கமாவு இறங்கி எதையோ கழற்றி ஊதிப் பார்த்தார்.

"இது மந்திரிமார் ஏறும்போது மட்டும் ஓடும் வண்டி" என்றார். "அன்றைக்கு இரகசியமாக டீசல் ஊற்றுவோம்."

பிறகு பொதுமக்கள் போகும் மட்டாட்டு வண்டியொன்றை மறித்து எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். பதுளை தனியார் பஸ்ஸில் நெரிசல் அதிகம் என்று இனிமேல் முறையிட மாட்டேன். காது கிழியும் பாட்டு. நடத்துநர் கதவில் தொங்கியபடி கூரையில் அடித்தால் வண்டி ஓடும், இன்னொருமுறை அடித்தால் நிற்கும். எங்கள் இணைப்பாளர் இரண்டு கோழிக் கூடைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டார். என்னைக் கண்டதும் நடத்துநர், "ம்ஸே! ம்ஸே!" என்று கத்தி, ஓர் இளைஞனை எழுப்பிவிட்டு உட்கார வைத்தான். வயதில் பெரியவரை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். மரியாதையான சொல் என்று கமாவு உறுதிப்படுத்தினார். பின்னாலிருந்து ஒரு பெண்மணி உரக்க ஏதோ சொல்ல, வண்டி முழுவதும் சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "பெரியவருக்கு இடம் கொடுங்கள், கழுத்துப்பட்டி கட்டியவர் மட்டாட்டுவில் ஏறினால் நாட்டில் மழை பெய்யும்" என்றாராம்.

ஆற்றங்கரைக் குடியிருப்பு தகரக் கூரைகளின் கடல். வீடுகளுக்கு இடையிலான ஒழுங்கைகள் எங்கள் லயத்து வாசலைவிட ஒடுக்கம். அதன் நடுவே செங்கல்லால் ஆன வட்டக் கட்டடமொன்று நிமிர்ந்து நின்றது. கீழே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மலசலகூடங்களும் குளியலறைகளும். நிலத்துக்கடியில் கவிழ்த்த சட்டிபோல் ஒரு பெருந்தொட்டி. அதில் திரளும் வாயு குழாய் வழியே மேலே ஏறுகிறது. படியேறினால் சமையலறை. நீண்ட சீமெந்து மேசையில் வரிசையாக அடுப்புகள், எல்லாவற்றிலும் நீலச் சுவாலை. அயலிலுள்ள பெண்கள் பாத்திரங்களோடு வந்து முறைவைத்துச் சமைத்துக்கொண்டு போனார்கள். நாற்றத்தை எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். வெங்காயம் தாளிக்கும் வாசனைதான் வந்தது.

அந்தக் கட்டடத்தை நடத்துபவர் அகினி என்ற பெண்ணின் தாய். அங்கே ஒரு பெண்ணை அவளுடைய பிள்ளையின் பெயரோடு மாமா என்ற சொல்லைச் சேர்த்து அழைக்கிறார்கள். தாய் என்று பொருள். அதனால் அவர் எல்லோருக்கும் மாமா அகினி. "பொம்பளைய மாமாங்கிறாங்களே!" என்று மகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. அவர் சொல்லச் சொல்லக் கமாவு மொழிபெயர்த்தார்.

"காலையில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். மத்தியானம் அடுப்பு நன்றாக எரியும். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் அடுப்பும் பட்டினி. ஆள் இல்லாவிட்டால் நெருப்பும் இல்லை. பெரியவரே, நீங்களும் சாப்பிடுமுன் ஒருமுறை கீழே போய்விட்டு வாருங்கள். சாப்பாட்டுக்குக் கணக்குச் சரியாகிவிடும்."

பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். இந்தப் பேச்சைத் தமிழில் தருவதற்கு நான் தயங்கினேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கென்று உணவு ஆயத்தமாயிருந்தது. சோளமாவைக் கிண்டிக் கட்டியாக்கிய களி, நோக்கோல் இலையைப் போன்ற ஒரு கீரை, சிவப்பு அவரைக் கொட்டைக் கறி, பாலில் காய்ச்சிய தேநீர். வெள்ளிக்கிழமை, மரக்கறிதான் சாப்பிடுவேன் என்றேன். எல்லாமே மரக்கறி என்றார்கள். பசியில்லை என்றேன். ஆசாரமுள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த நெருப்பில் வெந்த உணவை என் மனம் ஏற்கவில்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மாமா அகினி கமாவிடம் ஏதோ கேட்டார். கமாவு மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"பெரியவர் அடுப்பைப் பார்த்துச் சாப்பிட மறுக்கிறாரா, என்னைப் பார்த்து மறுக்கிறாரா என்று கேட்கிறார்."

மகேஸ்வரி அதற்குள் ஒரு தட்டை வழித்து முடித்திருந்தார். "சேர், நம்ம லயத்துல சோறு இருக்கு, கக்கூசு இல்ல. இங்க கக்கூசுலயே சோறு ஆக்குறாங்க. யாரு சேர் முன்னேறியிருக்கா? சும்மா உக்காருங்க. நெருப்புக்கு ஏதுங்க தீட்டு?"

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். களி எங்கள் புட்டைவிட இறுக்கம், கீரை நல்ல சுவை. தேநீர் விடுதியில் தந்ததைவிட எவ்வளவோ மேல். என் உறவினர் சிலர் இதை வாசித்து முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

கை கழுவ வெளியே வந்தபோதுதான் சுவரில் அதைக் கண்டேன். ஆளுயரத்தில் சிவப்பு மையால் குறுக்கும் மறுக்கும் இரண்டு கோடுகள். இருபுறத்துத் தகர வீடுகளிலும் அதே குறி.

பூங்கா வருகிறது என்றார் மாமா அகினி. ஆற்றிலிருந்து குறித்த தூரம் வரை எல்லாம் இடிபடும். திங்கட்கிழமை இயந்திரங்கள் வருகின்றன. அந்தக் கட்டடத்துக்கான செங்கல் முழுவதையும் அவரும் அயற்பெண்களும் தலையில் சுமந்து வந்து சேர்த்தவர்கள். எங்களை அழைத்து வந்து பெருமையோடு காட்டியது பணிப்பாளரின் கந்தோரில் ஒரு பிரிவு. இடிப்பது அதே கந்தோரில் இன்னொரு பிரிவு.

"உங்கள் ஆட்கள் இருக்கும் நிலம் யாருடையது?" என்று மாமா அகினி மகேஸ்வரியிடம் கேட்டார்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து இருக்கோம். நெலம் தோட்டத்தோடது."

"அப்படியானால் உங்கள் சுவரிலும் கோடு போடுவார்களா?"

"எங்களுக்குக் கோடு போடத் தேவையில்லங்க. ஒரு பெரிய மழை வந்தாப் போதும், லயம் தானாவே விழுந்துரும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, கமாவு அவர்களுடைய மொழியில் சொல்ல, இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மாமா அகினி என் பக்கம் திரும்பினார். நாளை மேடையில் கடைசியாகப் பேசப் போவது நான் என்று கமாவு சொல்லியிருந்தார். "எங்களில் யாரையும் அந்த மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். எங்கள் சமையலறைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

நன்றியுரையில் கோரிக்கை வைக்க இயலாது என்று விளக்கினேன். மரபை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பிட்டதற்கு நன்றி சொல்லலாம் அல்லவா?" என்றார்.

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். அதை விடுவது மரபுப்பிழை.

சனிக்கிழமை மாலை மேடையில் ஏறினேன். கௌரவ மந்திரிக்கு, நகரபிதாவுக்கு, பணிப்பாளருக்கு, உதவி வழங்கிய நாடுகளின் பிரதிநிதிகளுக்கு, கட்டுரை வாசித்தவர்களுக்கு, உரிய வரிசையில் நன்றி சொன்னேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சாரதிகளுக்கும் சொன்னேன். கடைசியாக உணவளித்தவர்களிடம் வந்தேன். விடுதிச் சமையற்காரரின் பெயரைக் கேட்டு வைத்திருந்தேன். அதன்பின் நான் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"நேற்று மதியம் ஆற்றங்கரைச் சமையலறையில் எமக்கு உணவளித்த மாமா அகினி அவர்களுக்கும் நன்றி. பசுமை என்று இந்த மண்டபத்தில் பேசப்பட்டதை நான் நாவினால் அறிந்தது அங்கேதான். அந்தக் கட்டடத்தின் சுவரில் சிவப்புக் குறி இடப்பட்டிருப்பதால், திங்கட்கிழமைக்குப் பின் அவருக்கு எந்த முகவரியில் நன்றி சொல்வதென்று அறியேன். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்."

வணங்கி இறங்கினேன். இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. பதுளையில் என்னைப் பற்றிப் பேசுபவர்கள் இதில் எந்தச் சொல் நிதானம் தவறியது என்று காட்டட்டும்.

 பின்வரிசையில் சுவரோரம் நின்ற கமாவுதான் முதலில் கைதட்டினார். பிறகு சாரதிகள், தேநீர் பரிமாறியவர்கள், பிறகு மண்டபத்தில் பாதி. பணிப்பாளர் புன்னகையோடு எழுந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். இலங்கையிலிருந்து வந்த மூத்த விருந்தினர் ஒரு முக்கியமான விடயத்தை நினைவூட்டினார், அந்தச் சமையலறை இடிக்கப்படாது, இது என் வாக்குறுதி என்றார். இப்போது மண்டபம் முழுவதும் கைதட்டியது. மந்திரி என் கையைக் குலுக்கினார். புகைப்படம் எடுத்தார்கள்.

எங்கள் இணைப்பாளர் மட்டும் சிவந்த முகத்தோடு என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"மாஸ்டர், உங்களை நன்றி சொல்லத்தானே மேடையிலை ஏத்தினது? வழக்குப் பேசவே?"

"தம்பி, நான் சொன்னதிலை நன்றியைத் தவிர வேறை என்ன இருந்தது?"

"அது எனக்கும் விளங்கும், உங்களுக்கும் விளங்கும். எங்கடை செயற்றிட்டத்துக்குக் காசு இவையின்ரை சிநேகிதத்திலைதான் வரப்போகுது. நாளைக்கு இது நிண்டுபோனா லயத்துச் சனத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் விமானம். காலையில் கமாவு எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். கந்தோர் ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து, வட்டக் கட்டடத்தின் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டிருந்தார்கள். மாமா அகினி படியிறங்கி வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு குலவையிட்டார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் வயதில், பொது இடத்தில், அப்படியொரு வரவேற்புக்கு எப்படி முகம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பிறகு அவர் ஒழுங்கையின் இருபுறத்தையும் காட்டினார். தகர வீடுகளில் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும். அவருடைய வீட்டிலும்.

"இவற்றைப் பற்றி என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சமையலறைக்காக. நான் நன்றி சொன்னதும் சமையலறைக்கு. பணிப்பாளர் வாக்களித்ததும் சமையலறைக்கு. வேறு எதுவும் சொல்லப்படவில்லை என்றேன். கமாவு அதை மொழிபெயர்க்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். அவர் தானாக எதையோ சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மாமா அகினி தலையசைத்தார். அந்தச் சிரிப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

வண்டியில் ஏறியதும் மகேஸ்வரி கேட்டார். 

"சேர், தொறந்த வாயோட வீடுகளையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"பிள்ளை, நன்றியுரையிலை கிடைச்சதுக்குத்தான் நன்றி சொல்லலாம். கிடையாததுக்குச் சொல்ல ஏலாது."

"அதாங்க சேர் நமக்கு இன்னும் ஒண்ணும் கெடைக்காம கெடக்கு."

ஊருக்குத் திரும்பியபின் செயற்றிட்டம் பின்போடப்பட்டது. லயங்கள் நிற்கும் நிலத்தில் தொட்டி தோண்டத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லை என்பது எழுத்தில் தரப்பட்ட காரணம். நான் மேடையில் கெடுத்துவிட்டேன் என்பது வாயால் பரப்பப்பட்ட காரணம். அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைமையிலிருந்து என்னை மிகுந்த மரியாதையோடு விடுவித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரையும் சொன்னார்கள், வரிசை பிசகியிருந்தது.

அடுத்த வருடம் அந்த நகரத்து மாநாட்டுக்கு மகேஸ்வரி மட்டும் இணைப்பாளரோடு போனார். திரும்பி வந்த வாரமே பதுளைக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"பாத்துட்டு வந்தேன் சேர். ஆத்தங்கரையில புல்லு வளத்து, பெஞ்சு போட்டு, சுத்தி கம்பி வேலி. சமையக்கட்டு அப்புடியே இருக்கு. பெயிண்டு அடிச்சு பளபளன்னு."

"மாமா அகினி?"

"அவங்க இல்ல. ஒரு வீடும் இல்ல. மாநாட்டுக்கு வந்தவங்களுக்குன்னு மட்டும் தெறந்து, யூனிபார்ம் போட்ட ஒரு பொண்ணுதான் தேத்தண்ணி குடுத்துச்சு. கக்கூச பூட்டி வச்சிருக்காங்க. ஆள் இல்லாம அடுப்பு எப்புடி எரியுதுன்னு மேசைக்கடியில குனிஞ்சு பாத்தேன். செவப்புச் சிலிண்டரு. கடையில வாங்குற கேஸு."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"வாசல்ல ஒரு பலகை வச்சிருக்காங்க சேர். இலங்கையிலேருந்து வந்தவரு கேட்டுக்கிட்டதால காப்பாத்துன கட்டடமாம். ஒங்க பேரு இருக்கு. பட்டம் பதவியெல்லாம் சேத்து, கொட்ட எழுத்துல."

"பெயர் சரியா எழுதியிருக்கினமே?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சரியாத்தான் இருக்கு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கமாவு அவங்க இருக்கிற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஊருக்கு வெளிய, தண்ணி கூட இல்லாத எடம். அவங்களும் பழைய பொம்பளைங்க கொஞ்சப் பேரும் சமைக்கிறதுக்குத் தெறந்து விடச் சொல்லிக் கேட்டுப் போனாங்களாம். காவக்காரரு பலகையக் காட்டினாராம். இந்தப் பேருள்ளவரு சொல்லிக் காப்பாத்துனது, அவரு சொன்னாத்தான் தெறக்கலாம்னுட்டாராம். நீங்க யாரு கேக்கிறதுக்குன்னு வெரட்டி விட்டுட்டாங்களாம்."

அந்தப் பெயருள்ளவன் நான்தான். திறந்து விடுங்கள் என்று பணிப்பாளருக்கு, எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில், என் கையொப்பத்தோடு எழுதி அனுப்பினேன். பதில் வராததால் திரும்பவும் எழுதினேன். கமாவுக்கும் எழுதிக் கேட்டேன். அந்தப் பெண்களுக்குக் கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது.